சலவை அறை இல்லாத அட்டவணை

சுவீடனில் குடியிருப்போர் எவரும் ஸ்டாக்ஹோமையும் கோத்தென்பர்கையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை என்பதும், ஒப்பிட்டு முடித்தபின் ஒருவரும் மூட்டை கட்டிக்கொண்டு மற்ற நகருக்குப் புறப்படுவதில்லை என்பதும் நாடறிந்த செய்திகள். ஆயினும் அண்மையில் கைக்குக் கை மாறிவரும் புதிய அட்டவணை ஒன்று இவ்வழக்கத்தின் பொறுக்கத்தக்க எல்லையைக் கடந்துவிட்டது. அதில் ஒரு கோப்பைக் கப்புச்சினோவின் விலை உண்டு. ஒரு கிலோ ஆரஞ்சின் விலை உண்டு. திரையரங்க நுழைவுச்சீட்டு, நடுத்தர ரகத்து ஜீன்ஸ், உடற்பயிற்சிக் கூடத்தின் மாதச் சந்தா ஆகியனவும் உண்டு. இவை யாவற்றையும் கூட்டிப் பெருக்கி வகுத்து, இன்ன நகரம் மற்றதைவிட இத்தனை சதவீதம் மலிவு என்று தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அறுதியிட்டுச் சொல்லப்படுகிறது. மனிதர் நகரங்களில் குடும்பம் நடத்துகிறார்களா, அல்லது ஜீன்ஸ் அணிந்து ஆரஞ்சு உரித்தபடி படம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்ற ஐயம் அதைத் தொகுத்தவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. சலவை அறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இக்குறையைக் களைந்து, இவ்விரு நகரங்களுள் வாழத் தகுந்தது எது என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிவு உரிய இடத்தில் தெரிவிக்கப்படும்.

நகரங்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1252ஆம் ஆண்டு ஆவணங்களில் முதன்முதலாகப் பெயர் காணப்படும் ஸ்டாக்ஹோம், பதினான்கு தீவுகளின்மீது பரந்து, பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள்தொகையுடன் கிழக்குக் கடற்கரையில் உள்ளது. 1621இல் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃபின் சாசனத்தால் பிறந்து, டச்சு நாட்டு வல்லுநர்கள் வகுத்துத் தந்த கால்வாய்களுடன் வளர்ந்த கோத்தென்பர்க், ஏறத்தாழ ஆறு லட்சம் மக்களுடன் மேற்குக் கரையில் உள்ளது. இடையே விரைவு ரயிலில் மூன்று மணி நேரப் பயணம். தலைநகரத்தாரை அவர்களுடைய தொலைபேசிக் குறியீட்டைக் கொண்டே 'பூச்சியம்-எட்டு' என்று பிறர் குறிப்பதுண்டு, அது பாராட்டன்று. மேற்குக் கரையினரோ தங்கள் கரையே தலைசிறந்தது என்பதை நிறுவத் தேவையற்ற உண்மையாகக் கொள்பவர்கள். இரு தரப்பினருக்கும் தீர்ப்பு முன்பே தெரியும். எண்கள் பின்னர் திரட்டப்படுகின்றன.

ஒப்பிடும் பழக்கம் இந்நாட்டில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு மளிகைக் கடை அலமாரிகளும் ஒரு காரணம் எனலாம். எந்தப் பொருளின் விலைச்சீட்டிலும் விற்பனை விலைக்கு அருகே, சிறிய எழுத்தில், 'யெம்ஃபோர்ப்ரீஸ்' எனப்படும் ஒப்பீட்டு விலை அச்சிடப்பட்டிருக்கும். அதாவது பொட்டலம் பெரிதோ சிறிதோ, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பதைச் சட்டப்படி கடைக்காரர் காட்டியாக வேண்டும். பாலாடைக்கட்டியின் முன் நின்று இரண்டு சிறிய எண்களை மாறி மாறிப் பார்த்து, ஐம்பது ஓரேக்காக, அதாவது அரைக் குரோனாவுக்காக, உள்ளம் விரும்பிய கட்டியை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டு வரும் கண்ணியவான்களை இந்நாட்டின் எந்தக் கடையிலும் காணலாம். இத்தகையோர் நகரங்களுக்கும் ஒரு கிலோ விலை கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் கேட்கப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை இரு நகரங்களிலும் ஒரே விலைக்குக் கிடைப்பவை என்பதுதான் அட்டவணைத் தொழிலின் முதல் இக்கட்டு. மதுவை எடுத்துக்கொண்டால், 3.5 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பானங்களைச் சில்லறையாக விற்கும் உரிமை பெரும்பாலும் 'சிஸ்டெம்போலாகெட்' என்னும் அரசு நிறுவனத்துக்கே உரியது. வடகோடியிலுள்ள கிரூனா முதல் தென்கோடி வரை ஒரு குப்பிக்கு ஒரே விலை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் கதவை அடைத்தால் திங்கட்கிழமைதான் திறப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரு நகரங்களின் வாழ்க்கைத் தரமும் எவ்விதப் பாகுபாடுமின்றி ஒருசேரத் தாழ்ந்து நிற்கிறது. குழந்தைகள் காப்பகத்துக்குப் பெற்றோர் செலுத்தும் தொகைக்கு 2002ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. காலிக் குப்பியைத் திருப்பித் தந்தால் கிடைக்கும் முன்பணமும் எங்கும் ஒன்றே. வேறுபடுவது வருமான வரி. மாநகராட்சிக்கும் வட்டாரத்துக்கும் சேர்த்துக் கோத்தென்பர்க்வாசி ஊதியத்தில் 32.6 சதவீதம் செலுத்துகையில், ஸ்டாக்ஹோம்வாசி ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளிகள் குறைவாகச் செலுத்துகிறார். இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் ஆரஞ்சுக்குச் செலவிடும் தொகையைவிட அதிகம். அட்டவணையிலோ இதற்கு இடமில்லை, ஆரஞ்சுக்கு உண்டு.

அடுத்தது 'சராசரி வாடகை' என்னும் கற்பனைத் தொகை. சுவீடனில் வாடகையைச் சந்தை தீர்மானிப்பதில்லை. 1923இல் தோன்றிய வாடகைக் குடியிருப்போர் சங்கமும் வீட்டு உரிமையாளர்களும் மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். வீட்டின் பரப்பு, வசதி, பராமரிப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் 'பயன்மதிப்பு' என்னும் கோட்பாடு 1968 முதல் இதற்கு அடிப்படையாக உள்ளது. இதன் விளைவாக, நகரின் நடுவே ஏரிக்கரையைப் பார்த்தபடி நிற்கும் பழைய வீட்டின் வாடகை, புறநகரில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் புதிய வீட்டின் வாடகையைவிடக் குறைவாக இருப்பது இங்கு இயல்பு. அந்த ஏரிக்கரை வீட்டைப் பெறப் பணம் தேவையில்லை; ஆயுள் தேவை. ஸ்டாக்ஹோம் மாநகரின் வீட்டு வரிசையில் பதினெட்டு வயது நிறைந்த எவரும் ஆண்டுக்கு 200 குரோனா செலுத்திப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். வீடு கிடைத்தவர்களின் சராசரிக் காத்திருப்பு ஒன்பது, பத்து ஆண்டுகள். நகர மையத்தில் வேண்டுமென்றால் அதைப்போல் இரு மடங்கு ஆகலாம். பிறந்தநாளன்று கேக்கை வெட்டுமுன் பெயர் பதியும் இளைஞர்கள் முடி நரைக்கத் தொடங்குகையில் நகர மையத்துச் சோடர்மால்ம் பகுதியில் குடியேறுவார்கள். கோத்தென்பர்கின் வரிசை இதைவிடக் குறுகியது என்று அந்நகரத்தார் பெருமை கொள்வதுண்டு. அதுவும் ஆண்டுக்கணக்குதான்.

இவ்வாறு வரிசை வழியாகப் பெறும் உரிமை 'முதற்கை ஒப்பந்தம்' எனப்படும். அதைப் பெற்றவர் தம் வீட்டை மற்றொருவருக்குத் தற்காலிகமாக விடுவது 'இரண்டாங்கை ஒப்பந்தம்'. புதிதாக வந்திறங்கும் பொறியாளருக்கும் மாணவருக்கும் வாய்ப்பது இதுவே, விலையும் கூடுதல், ஓராண்டு முடிந்ததும் மீண்டும் பெட்டி கட்ட வேண்டும். மூன்றாவதாக, 'பூஸ்டாட்ஸ்ரெட்' எனப்படும் குடியிருப்புரிமை. கட்டடத்தின் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கை லட்சக்கணக்கான குரோனா கொடுத்து வாங்கியபின், சங்கத்துக்கு மாதந்தோறும் கட்டணமும் செலுத்தி, வங்கிக்கு வட்டியும் கட்டி, வாடகையின்றி வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் முறை அது. இம்மூவரின் செலவையும் ஒரே கொப்பரையில் கொட்டிக் கிளறினால் வரும் எண்ணே சராசரி வாடகை. அந்த வாடகையைச் செலுத்தும் மனிதர் இரு நகரங்களிலும் ஒருவரும் இலர். 2021 ஜூன் 21 அன்று, புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்குச் சந்தை வாடகை விதிக்கலாமா என்ற சச்சரவில் ஸ்டெஃபான் லோஃவென் அரசு நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மான வாக்கெடுப்பில் தோற்றது. சுவீடனின் வரலாற்றில் அவ்வாறு தோற்ற முதல் பிரதமர் அவர். மறுமாதமே அவரே மீண்டும் பொறுப்பேற்றார் என்பது வேறு. ஆட்சியையே கவிழ்த்த ஒரு பொருளைக் கப்புச்சினோவுக்குக் கீழே ஒற்றை வரியில் அடக்குவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகக் கூறலாம். ஸ்டாக்ஹோமில் 1950இல் தொடங்கிய சுரங்க ரயில் நூறு நிலையங்களை இணைக்கிறது. அவற்றுள் மிகப் பல ஓவியங்களாலும் சிற்பங்களாலும் அணிசெய்யப்பட்டவை. மைய நிலையத்தின் குகைச் சுவர்களில் பேர் ஊலோஃப் உல்ட்வெட் தீட்டிய நீலக் கொடிகளைக் காலை எட்டு மணிக்கு ஓடும் கூட்டத்தில் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோத்தென்பர்கில் சுரங்க ரயில் இல்லை. 1879இல் குதிரைகள் இழுத்துத் தொடங்கிய டிராம் உண்டு. ஆற்றைக் கடக்க ஸ்டென்பீரெனிலிருந்து லிண்ட்ஹோல்மெனுக்குக் கட்டணமில்லாப் படகு உண்டு. நகரப் பயணச்சீட்டைக் கொண்டே கார் ஓடாத தென்தீவுகளுக்குச் சென்று வரவும் முடியும். இவற்றுடன் நகரின் அடியில் 'வெஸ்ட்லெங்கென்' என்னும் ரயில் சுரங்கத்தை 2018 முதல் குடைந்துவருகிறார்கள். 2026இல் முழுமையாக முடியும் என்றார்கள், பிறகு 2030 என்றார்கள். அதுவரை நடைபாதைகள் வாரத்துக்கு ஒரு திசையில் வளைந்துகொண்டிருக்கும்.

நகருக்குள் காரில் நுழைவோர் செலுத்தும் நெரிசல் வரியின் வரலாறு, குடியாட்சி பயில்வோருக்குப் பயன்படக்கூடியது. ஸ்டாக்ஹோமில் 2006இல் சோதனையாக அதை நடத்தியபின் மாநகர மக்களிடம் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மக்கள் வேண்டும் என்றார்கள். வரி 2007இல் நிலைபெற்றது. கோத்தென்பர்கில் 2013இல் வரி வந்தது, 2014இல் வாக்கெடுப்பு நிகழ்ந்தது; மக்கள் வேண்டாம் என்றார்கள்; வரி தொடர்ந்தது. இரு மாநகராட்சிகளும் மக்கள் கருத்தைக் கவனமாகக் கேட்டறிந்தன என்பதில் ஐயமில்லை. இன்று ஒருமுறை கடப்பதற்கு ஸ்டாக்ஹோமில் உச்ச நேரத்தில் 45 குரோனா வரையிலும் கோத்தென்பர்கில் 22 குரோனா வரையிலும் ஆகிறது. ஒரு நாளைய உச்சவரம்பு முறையே 135, 60. இவ்வெண்ணிக்கையில் கோத்தென்பர்க் வெல்கிறது. வேண்டாம் என்று வாக்களித்ததற்குக் கிடைத்த தள்ளுபடியாக இதைக் கொள்ளலாம்.

இனி, அட்டவணையில் இடம்பெறாத சலவை அறை. 'த்வெட்ஸ்டூகா' எனப்படும் இவ்வறை அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் மிதிவண்டி அறைக்கும் குப்பை பிரிக்கும் அறைக்கும் நடுவே அமைந்திருக்கும். துவைக்கும் இயந்திரங்கள் இரண்டோ மூன்றோ, சுழன்று உலர்த்தும் இயந்திரம் ஒன்று, வெப்பக்காற்று ஊதும் உலர்த்து அலமாரி ஒன்று, விரிப்புகளை மடிப்பு நீங்க அழுத்தித் தரும் உருளைப்பொறி ஒன்று, உருளைப்பொறியில் விரலை விட வேண்டாம் என்னும் எச்சரிக்கைப் பலகை ஒன்று ஆகியன அதில் காணப்படும். இதன் செலவு வாடகைக்குள்ளோ மாதக் கட்டணத்துக்குள்ளோ அடங்கிவிடுவதால் இதற்கெனத் தனி விலை இல்லை. விலையில்லாத ஒன்றை அட்டவணை எங்ஙனம் அறியும்?

அறையின் வாயிலில் முன்பதிவுப் பலகை தொங்கும். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு மூன்று மணி நேரப் பொழுதுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டு எண் பொறித்த சிறு பூட்டு ஒன்று. அப்பூட்டை வேண்டிய துளையில் செருகிச் சாவியால் திருகினால் அப்பொழுது அக்குடும்பத்துக்கு உரியதாகிறது. வேறெவரும் அதை அசைக்க இயலாது. புதிய கட்டடங்களில் இது தொடுதிரையாகவும் கைபேசிச் செயலியாகவும் மாறிவிட்டதாயினும், பூட்டைத் திருகும்போது எழும் 'க்ளிக்' ஒலியில் உள்ள உடைமையுணர்வு தொடுதிரையில் கிட்டுவதில்லை. இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு: ஒரு குடும்பத்துக்கு ஒரு பூட்டு என்பதுதான் விதி; அதை எங்கே எத்தனை வாரம் தொடர்ந்து செருகலாம் என்பது விதியன்று. இதனால், கட்டுரையாளர் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடிவாசி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிப் பொழுதைப் பரம்பரைச் சொத்துப்போல் அனுபவித்துவருகிறார். பொழுது முடிந்த மறுகணமே பூட்டு அடுத்த ஞாயிற்றுக்கு நகர்கிறது. சென்ற ஞாயிறன்று கண்ணாடிக் கதவின் வழியே நோக்கியபோது, மூன்று இயந்திரங்களுள் ஒன்று மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அதனுள் ஓட்டப்பயிற்சிக் காலணிகள் ஒரு சோடி, வேறொன்றும் இல்லை, தடதடவென்று மோதிக்கொண்டிருந்தன. இதை இங்கே குறிப்பிடுவது தனிப்பட்ட மனத்தாங்கலால் அன்று. வாழ்க்கைத் தரம் என்னும் கருத்தாக்கத்தை விளக்கும் பொருட்டேயாம்.

பஞ்சு வடிகட்டி குறித்தும் சிறிது கூற வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் கதவடியில் ஒரு வலைச்சட்டம் உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் மெல்லிய கம்பளித் தகடுபோல் படியும். பயன்படுத்தியவரே அதை உரித்தெடுத்துக் குப்பையிலிட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி, சுவரில் மூன்று இடங்களில் எழுதப்பட்ட விதி. அடுத்து வருபவர் சட்டத்தை இழுக்கும்போது அதில் ஊதா நிறப் பஞ்சு படிந்திருந்தால், கட்டடத்தில் ஊதா நிறத் துண்டு யாரிடம் உள்ளது என்னும் ஆராய்ச்சி அன்றே தொடங்குகிறது. இவ்வாராய்ச்சியின் முடிவுகள் வெளியாகும் ஊடகம், 'கோபச் சீட்டு' எனச் சுவீடியரே பெயரிட்டுப் பேணும் சுவரொட்டி இலக்கியம். அதன் யாப்பு கண்டிப்பானது: முதலில் வணக்கம், பின்னர் 'யாரோ ஒருவர்' என்னும் எழுவாய், பின்னர் மனிதப் பண்பாட்டின் அடிப்படைகள் குறித்த இரண்டு வாக்கியங்கள், இறுதியில் ஒரு சிரிப்பு முகம். பெயர் சொல்வது மரபன்று. மறுநாள் அதன் ஓரத்தில் வேறொருவர் மையால் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருப்பார்; பஞ்சு அப்படியே இருக்கும்.

இரு நகரங்களிலும் துணி துவைத்த தகுதியால் கட்டுரையாளர் உறுதியாகக் கூறக்கூடியது, ஸ்டாக்ஹோமின் சீட்டுகள் சங்கத்தின் விதியெண்ணைச் சுட்டுவன. கோத்தென்பர்கின் சீட்டுகள், அந்நகரத்தார் சிலேடைப் பித்தர் என்று நாடெங்கும் பெயரெடுத்தவர்கள் ஆதலால், ஒரு சொல்விளையாட்டில் முடிவன. எதனால் திட்டப்படுவது மேல் என்பது அவரவர் மனப்பாங்கைப் பொறுத்தது. சலவை அறையைப் பற்றி இதற்குமேல் உரைப்பது மிகையாகலாம். எனினும் உலர்த்து அலமாரியை விட்டுவிட இயலாது. ஸ்டாக்ஹோமின் கிஸ்டா பகுதியிலுள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் கோத்தென்பர்கிலுள்ள கார்த் தொழிற்சாலைகளுக்கும் பணிக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த செய்தி இது: அவ்வலமாரியின் கம்பிகள் ஒரு கையுறைக்கும் ஒரு காலுறைக்கும் அளவெடுத்துச் செய்தவை, எட்டு முழ வேட்டியையோ சேலையையோ நான்காக, எட்டாக மடித்துத் தொங்கவிட்டால், மேல் மடிப்பு அப்பளமாகக் காய்ந்து உள்மடிப்பு சொட்டச் சொட்ட நிற்கையில் பொழுது முடிந்துவிடும், கதவருகே அடுத்த குடும்பத்தார் துணிக்கூடையுடன், ஒரு சொல்லும் பேசாமல், கடிகாரத்தை மட்டும் பார்த்தபடி நிற்பார்கள். பொழுது தொடங்கி அரைமணிக்குள் வராதவரின் உரிமை பல கட்டடங்களில் பறிபோகும் என்பதால், இரண்டாம் மாடிவாசி ஒரு ஞாயிறேனும் தாமதிப்பார் என்று கூடையுடன் படிக்கட்டில் காத்திருப்போரும் உளர். அவர் தாமதித்ததில்லை.

முடிவைத் தெரிவிக்குமுன் தட்பவெப்பத்தையும் கருத வேண்டியுள்ளது. கோத்தென்பர்கில் ஸ்டாக்ஹோமைவிடக் கணிசமாக மழை அதிகம். அதுவும் மேலிருந்து கீழே விழும் மழையன்று, கடற்காற்றுடன் பக்கவாட்டில் வந்து குடையை உள்ளும் புறமுமாகத் திருப்பும் மழை. நானூறாம் ஆண்டு விழாவை ஒட்டி, 'மழை பெய்யும்போது உலகின் தலைசிறந்த நகரம்' ஆவதென்று அம்மாநகரம் குறிக்கோள் வகுத்துக்கொண்டது. குறிக்கோளை எட்ட மழையைக் கூட்ட வேண்டிய தேவை எழவில்லை. ஸ்டாக்ஹோமில் மழை குறைவு. ஆனால் டிசம்பர் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். கோத்தென்பர்கில் அவன் மேலும் அரைமணிக்கு மேல் இருக்கிறான், மேகத்துக்குப் பின்னால். இந்த அரைமணிக்கு ஒப்பீட்டு விலை கணக்கிட்டு, வாடகையை வெளிச்சத்தின் மணிகளால் வகுத்தால், ஜூன் மாதத்தில் இரு நகரங்களும் அடிமாட்டு விலைக்கும் டிசம்பரில் இரண்டும் கொள்ளை விலைக்கும் போகும். ஆகவே எந்த மாதத்தில் வகுப்பது என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டும்.

அது தீர்வதற்குள், அட்டவணையில் மால்மோவை மூன்றாம் நிரலாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வேறு எழுந்துள்ளது. அங்கே வீட்டு விலை இவ்விரு நகரங்களையும்விடக் குறைவு என்பது மெய்தான். ஆனால் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஓரெசுண்டுப் பாலத்தைத் தாண்டி நாள்தோறும் கோப்பன்ஹேகனுக்கு வேலைக்குச் செல்வோர், ஊதியத்தை டேனிஷ் குரோனேயில் பெற்று, பாலைச் சுவீடன் குரோனாவில் வாங்கி, பாலத்தின் கட்டணத்தை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று தாங்களே அறியாமல் இருக்கிறார்கள். அக்கட்டணத்தைப் போக்குவரத்து நிரையில் இடுவதா, வீட்டு நிரையில் இடுவதா என்று தொகுப்பாளர் இப்போது கருத்துக் கேட்டு வருகிறார். ஜீன்ஸுக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.